கன்னத்தில் ஒட்டிய தங்கம்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வழங்கிய பெயர் மல்லுக்கட்டு. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டில் வரும், ஆஸ்பத்திரிச் சீட்டில் வரும், வேறெங்கும் வராது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. தேநீர் இடைவேளை தொடங்க ஒரு விசில், முடிய ஒரு விசில். இரண்டுக்கும் நடுவில் தேநீர் ஆறாது. மற்றவர்கள் நாக்கைச் சுட்டுக்கொண்டு மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள். இவள் மட்டும் டம்ளரை ஏந்திக்கொண்டு, ஊதி ஊதி, சாவகாசமாகக் குடித்தாள். சூப்பர்வைசர் காதருகே வந்து இன்னொரு தரம் விசில் அடித்தான். "சார், விசில் உங்களுது. நாக்கு என்னுது" என்றாள். "இதோட மல்லுக்கட்ட நம்மால ஆகாதுப்பா" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தான். அன்றைக்குக் கூடமே வாய்விட்டுச் சிரித்தது. மறுநாளிலிருந்து இன்னும் நாலைந்து பேர் ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, அவள் புருஷனுடைய கூடப்பிறந்த தம்பி. அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தவனே அவன்தான். சேர்த்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டான்: உறவெல்லாம் வீட்டோடு. வீட்டில் "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்பான். கூடத்தில் "ஏம்மா, அந்த டிராலிய தள்ளு" என்பான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் "தம்பி" என்பவள், கூடத்தில் ஒரு வார்த்தைக்கு ரெண்டு "சார்" போடுவாள். அந்த சாரில் மரியாதையைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்.

ஊரிலுள்ள பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் அந்தக் கூடத்துக்குத்தான் வரும். துவைத்து, பிழிந்து, ஈரத்தோடு டிராலியில் ஏற்றி ரோலருக்குத் தள்ளுவார்கள். ரோலர் என்பது ஆள் நீளத்துக்கு மேல் நீண்டு கிடக்கும் இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடும், மேலே தடித்த துணி சுற்றியிருக்கும். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அது சலசலவென்று காய்ந்து வெளியே வரும், அங்கே இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். ஹோட்டலில் படுக்கிறவன் விரிப்பில் முகம் புதைத்து, ஆகா என்ன வாசனை என்று கண்ணை மூடுகிறானே, அந்த வாசனைக்காக இந்த நாலு பேரும் காலையிலிருந்து வெந்துகொண்டிருப்பார்கள்.

மல்லுக்கட்டு நிற்பது கொடுக்கிற பக்கம். அவளுக்கு ஜோடி நெட்டை. பெயருக்கேற்றபடி தலை ஜன்னல் கம்பியைத் தொடும், வாயில் வார்த்தை தங்காது. இருவருக்கும் நடுவில் ஒரு விரிப்பின் அகலம் மட்டும். ஒருத்தி இழுத்தால் இன்னொருத்தி விட வேண்டும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டேதான் அந்த வேலையைச் செய்ய முடியும்.

வேர்வை நெற்றியிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாக இறங்கி இடுப்பில் தேங்கும். தண்ணீர் குடிக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் குடித்தால் போக வேண்டும். கழிப்பறை முற்றத்தைத் தாண்டி, லாரி நிறுத்துகிற இடத்தையும் தாண்டி இருந்தது. ஒருத்தி போனால் ஜோடி வெட்டியாக நிற்பாள். வெறும் ரோலர் ஓடினால் மேல் துணி கருகும். கருகினால் முதலாளியின் முகமும் கருகும். ஆகவே பெண்கள் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். யாரும் சட்டம் போடாமலே இப்படி ஒரு சட்டம் நடந்துகொண்டிருந்தது.

அதன் பலன் மல்லுக்கட்டுக்கு முதலில் தெரிந்தது பாதத்தில். பாதம் வீங்கி, செருப்பைக் கழற்றிய பிறகும் வார் பதிந்த பள்ளம் ராத்திரி வரை மாறாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுது. சூட்டுல நின்னு, தண்ணியும் குடிக்காம இருந்தா மிச்சமும் போயிடும். நல்லா குடிங்க, அப்பப்போ ஆறி உக்காருங்க" என்றார். ஆறி உட்காருவதாம். அந்தக் கூடத்தில் ஆறுவது விரிப்பு மட்டும்தான்.

இதை அவள் சொன்னது புருஷனிடம் மட்டும். அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தண்ணியில்லாம ஓட விட்ட மோட்டார் மாதிரிதான்" என்றார். "வேலைய விட்டுடு."

"ஏன் விடணும்? என்னைக் கெடுத்தது அந்த ரோலரு. அதுகிட்டயிருந்து நான் ஏன் ஓடணும்? இன்னைக்கு நான் ஓடினா நாளைக்கு நெட்டைக்கு வரும், நாளன்னைக்கு இன்னொருத்திக்கு வரும்."

"அப்ப தம்பிகிட்ட சொல்லு."

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவான். மடிப்பு மேஜைல இருந்தவளுக்குத் தலைசுத்தல்னு தெரிஞ்சதும் என்ன பண்ணாங்க? பூ மாதிரி பேசி வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டாங்க. நான் உக்காரணும், ஆனா வேலையும் வேணும். ரெண்டும் வேணும்."

அவர் வாதாடவில்லை. அவளோடு குடித்தனம் நடத்திய இத்தனை வருஷத்தில் அந்த ஞானம் அவருக்கு வந்திருந்தது.

இப்படி அவள் உள்ளுக்குள் பயத்தையும் வெளியே வீறாப்பையும் வைத்துக்கொண்டு நாளை ஓட்டிய காலத்தில்தான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்திருந்தாள். பெரிய ஹோட்டல் நிறுவனம் ஒன்று, வேலையாட்களை நன்றாக வைத்திருக்கும் சலவைக்கூடத்துக்குத்தான் இனிமேல் விரிப்புகளைக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டதாம். முதலாளி உடனே பெரிய மனசு பண்ணி, ஆராய்ச்சிக்குத் தன் கூடத்தைத் திறந்துவிட்டார்.

வந்தவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே நகத்தளவு துண்டுகள், மெல்லிசாக, வளைந்து கொடுக்கிற மாதிரி, கொஞ்சம் ஜெல்லி, கொஞ்சம் ரப்பர். நல்ல செக்கச் சிவப்பு.

"இதுல தங்கம் இருக்கு" என்றாள்.

கூடம் கப்சிப் ஆனது. பிறகு ஒரே கூச்சல்.

"தங்கமா? எங்கம்மா, மஞ்சளையே காணோம்?"

"கழுத்துல போடத்தான் குடுத்து வைக்கல, கைல ஒட்டியாவது பாப்போம்."

"வீட்டுக்குப் போகும்போது உரிச்சு வாங்கிப்பீங்களா?"

அவளும் சிரித்துவிட்டாள். நல்ல பெண். "தங்கத்தப் பொடி பண்ணி, அந்தப் பொடியையும் பொடி பண்ணி, எந்தக் கண்ணுக்கும் தெரியாத அளவுக்குச் சின்னதாக்கிட்டா அது மஞ்சளா இருக்காது, சிவப்பா இருக்கும். அத இந்த ஜெல்லிக்குள்ள தூவி வச்சிருக்கோம். உங்க வேர்வை இதுல இறங்கும். உடம்புல தண்ணி குறைஞ்சு வேர்வைல உப்பு ஏறுச்சுன்னா ஜெல்லி சுருங்கும். உள்ள இருக்கற தங்கத்தூள் ஒன்னுக்கொன்னு நெருங்கும். நெருங்கினா நிறம் மாறும். சிவப்பு ஊதாவாகும், அப்புறம் நீலமாயிடும். நீலம்னா போதும், உக்காருன்னு அர்த்தம். தண்ணி குடிச்சு ஆறினா மறுபடி சிவப்புக்கு வந்துடும். மிஷின் வேணாம், ஊசி வேணாம். கண்ணு இருந்தா போதும்."

"நெருங்கினா மூஞ்சி மாறிடும்னா, எங்க வீட்டுக்காரரும் நானும் மாதிரியா?" என்றாள் நெட்டை.

"அப்படியே வச்சுக்கோங்க. அதனாலதான் ஒன்னு சொல்றேன், கவனமா கேளுங்க. இத இழுத்து ஒட்டக்கூடாது." அவள் உப்புத் தண்ணீரில் போட்டு நீலமாக்கிய ஒரு துண்டை இரு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினாள். எல்லோர் கண் முன்னாலும் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. விட்டாள், மறுபடி நீலம். "இழுத்தா தூளெல்லாம் விலகிப்போகும். நிலைமை மோசமா இருந்தாலும் நல்லா இருக்கற மாதிரி காட்டும். தோல் மேல தளர்வா வைங்க."

முதலாளி அன்றைக்கே சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார்: நீலம் ஆனால் உட்காரவும். பக்கத்து அறையில் மின்விசிறி, தண்ணீர்க் குடம், நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள். மல்லுக்கட்டு அந்த நாற்காலிகளைப் பார்த்தாள். யாரிடமும் கெஞ்சாமல், தன் நோயைக் கடைபரப்பாமல், உரிமையோடு போய் உட்கார ஒரு நாற்காலி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வையைத் துடைப்பதுபோல அதையும் துடைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் சொன்னபடி நடந்தது. பதினோரு மணி வாக்கில் இவள் கையில் ஒட்டிய துண்டு ஊதாவாகும், சாப்பாட்டுக்கு முன்னால் நீலம். போய் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவாள். நெட்டைக்கும் அப்படியே. இவர்கள் உட்கார்ந்த நேரமெல்லாம் மடிக்கிற பக்கத்திலிருந்து ஆள் மாறி வந்து கொடுத்தார்கள், டிராலிகள் ரோலருக்கு முன்னால் வரிசை கட்டி நின்றன.

மூன்றாம் நாள் காலை சூப்பர்வைசரே டப்பாவோடு வாசலில் நின்றான். "இனிமே நானே ஒட்டிவிடறேன். ஆளாளுக்குக் கன்னாபின்னான்னு ஒட்டறீங்க." ஒவ்வொருவர் முன்கையாகப் பிடித்து, துண்டின் ஒரு ஓரத்தை அழுத்தி, மறு ஓரத்தை நன்றாக இழுத்து, ஓரங்களில் பிளாஸ்திரி போட்டு இறுக்கினான். அன்றைக்கு யார் கையும் நீலமாகவில்லை. பொழுது முழுக்கச் செக்கச் சிவப்பு. அவன் செல்போனில் வரிசையாகப் படம் பிடித்து ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு அனுப்பினான். சாயங்காலம் மல்லுக்கட்டுக்குத் தலை கிறுகிறுத்தது, உதடு வெடித்தது. கையைப் பார்த்தாள், சிவப்பு. சுவரைப் பார்த்தாள், கொட்டை எழுத்து. நாற்காலிகள் நாலும் காலியாக இருந்தன.

அடுத்த வாரம் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தபோது முகமெல்லாம் மலர்ச்சி. "உங்க இடம் ரொம்ப நல்லாயிருக்கு. யாருக்குமே நீலம் வரல" என்றாள். சூப்பர்வைசர் அவள் பின்னாலேயே நிழலாக நின்றான். மல்லுக்கட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை வாங்கட்டும், கத்தட்டும், விசில் ஊதட்டும், அதெல்லாம் பழகினதுதான். ஆனால் அவள் கையை வைத்தே அவளுக்கு எதிராகப் பொய் சொல்ல வைப்பதா? நான் நன்றாக இருக்கிறேன் என்று அவள் கையே சாட்சி சொல்கிறதே. அந்த இடத்தில்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். அண்ணன் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவள் எதிரில் வந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள்.

டம்ளர் அவன் வாயருகே நின்றுவிட்டது. "அண்ணி, வீட்டுல எதுக்கு சாரு?"

"இப்ப நான் பேசறது சூப்பர்வைசர்கிட்ட. எதுக்கு இழுத்து ஒட்டறீங்க?"

அவன் மழுப்பிப் பார்த்தான். நடக்கவில்லை. கடைசியில் கொட்டிவிட்டான். "நான் என்ன பண்ணட்டும்? நீலம் அதிகமா வந்தா ஹோட்டல்காரன் நம்மளக் கழட்டி விட்டுடுவான்னு முதலாளி சொல்றாரு. வேலை போனா எல்லாருக்கும்தான் போகும். உங்களுக்கும் சேத்துத்தான் பாக்கறேன்."

"எனக்காக நீ பாக்கறதா இருந்தா என் கையப் பாரு. பொய்யா செவந்து கிடக்கறதப் பாக்காத."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க அண்ணி. ஒப்பந்தம் கைக்கு வரட்டும், அப்புறம் தளர்வா ஒட்டிக்கலாம்."

"அதுக்குள்ள நான் தளர்ந்துடுவேன்" என்றாள். அதற்கு மேல் சொல்ல வாய் வந்தது. டாக்டரம்மா சொன்னது நுனி நாக்கு வரை வந்துவிட்டது. புருஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விழுங்கிக்கொண்டாள். இவனிடம் சொன்னால் நாளைக்கே பூ மாதிரி பேசி வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுவான். அதுவும் பாசத்தோடு விடுவான். அந்தப் பாசம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவன் போன பிறகு முகம் கழுவினாள். கன்னத்தில் தண்ணீரை அறைந்துகொண்டபோது கை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் புருஷன், "என்ன, சிரிக்கற?" என்றார்.

"உங்க தம்பி என் கையப் பிடிச்சு ஒட்டிவிடறான், வேலைன்னு நானும் விட்டுட்டேன். என் கன்னத்தத் தொடுவானா?"

அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. புரிந்ததும் அவரும் சிரித்தார். அபூர்வமான காட்சி. "செத்தாலும் தொட மாட்டான்" என்றார்.

மறுதரம் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தபோது, சூப்பர்வைசர் அருகில் நிற்கும்போதே, மல்லுக்கட்டு வெள்ளந்தியாகக் கேட்டாள். "ஏம்மா, இத மூஞ்சில ஒட்டலாமா? கைல ஒட்டினா விரிப்பு உரசி உரிஞ்சு வருது."

"தாராளமா. நெத்தி, கன்னம் எல்லாம் இன்னும் நல்லது. வேர்வை நிறைய வர்ற இடம்."

"இவங்க சொல்லிட்டாங்க சார்" என்றாள் அவனைப் பார்த்து.

மறுநாள் அவன் டப்பாவோடு நின்றபோது அவள் கையை நீட்டவில்லை. டப்பாவிலிருந்து ஒரு துண்டைத் தானே எடுத்து, கன்னத்தில், கண்ணுக்குக் கீழே பூப்போல வைத்தாள். "ஏம்மா, கைய நீட்டு" என்றான். "ஒட்டியாச்சு சார்." "அது சரியா ஒட்டல." "அப்ப நீங்க சரியா ஒட்டிவிடுங்க" என்று கன்னத்தை அவன் பக்கம் காட்டினாள். கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் கை பாதி தூரம் வந்தது. அண்ணியின் கன்னம். காது சிவந்து, கையை டப்பாவுக்குள் விட்டுக்கொண்டான்.

அடுத்து நெட்டை. அவளும் கன்னத்தில் வைத்தாள். அவள் கன்னத்தை எட்டவே அவன் எம்பித்தான் ஆக வேண்டும். அடுத்தவள், அதற்கடுத்தவள். துவைக்கிற பக்கத்து ஆண்கள் சிலர்கூட, நாங்க மட்டும் என்ன இளப்பமா என்று தாடி இல்லாத இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் படம் பிடிக்கவில்லை, செல்போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. கன்னத்தில் ஒட்டியதை ஒட்டியவள் பார்க்க முடியாது. அதற்கு நெட்டை இருந்தாள். விரிப்பின் அந்த முனையிலிருந்து, "அக்கா, ஊதா" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, நீலம், போ" என்பாள். இவளும் அவளுக்குச் சொன்னாள். முன்பெல்லாம் விரிப்பின் சுருக்கத்தைப் பார்த்த கண்கள் இப்போது ஆளைப் பார்த்தன. மடிக்கிற பக்கமிருந்தும், "நெட்டை, உனக்கு நீலமாகுது" என்று குரல் வரும். வாரம் முழுக்க நாற்காலிகள் காலியாகவே இல்லை. டிராலிகள் வரிசை கட்டின. மல்லுக்கட்டின் பாதத்தில் செருப்புப் பள்ளம் ஆழம் குறைந்தது.

இதெல்லாம் எத்தனை நாள் நடக்கும்? முதலாளி காதுக்குப் போனது. அவர் கிளம்பி வந்தார், அதுவும் ஹோட்டல் நிறுவனத்து ஆளை அழைத்துக்கொண்டு. வழவழவென்று சட்டை போட்டிருந்த அந்த ஆள் ரோலர் பக்கம் வந்ததுமே கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வந்து நின்ற அளவுக்கே அவருக்கு அந்தப் பாடு.

"என்ன எல்லாரும் கன்னத்துல ஒட்டியிருக்காங்க?" என்று கேட்டார்.

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவன் இரண்டங்குலம் குறைந்தான். "கைலதான் ஒட்டணும்னு சொல்லல? உரிச்சுக் கைல ஒட்டு. முதல்ல இந்தம்மாவுக்கு."

அவன் மல்லுக்கட்டு எதிரே வந்து நின்றான். அவள் விரிப்பைப் பிடித்தபடியே இருந்தாள். அந்தச் சமயம் பார்த்து நெட்டை, முதலாளி இருக்கிறார் என்றெல்லாம் பார்க்காமல், வழக்கம்போல் சத்தமாக, "அக்கா, நீலம்!" என்றாள்.

மல்லுக்கட்டு விரிப்பை ரோலரில் கொடுத்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள்.

"உரிப்பா, என்ன பாத்துட்டு நிக்கற" என்றார் முதலாளி.

கொழுந்தன் கையைத் தூக்கினான். அவள் நகரவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அவன் கையைக் கீழே போட்டான். "என்னால முடியாது சார்" என்றான். "இவங்க என் அண்ணி."

கூடத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான். ஆனாலும் அவன் வாயிலிருந்து அங்கே வருவது அதுதான் முதல் தடவை. முதலாளிக்கு உறவுமுறையெல்லாம் அப்போது தேவைப்படவில்லை. அவர் நேரே அவளிடமே வந்தார்.

"ஏம்மா, உனக்கு என்ன பிரச்சனை? கைல ஒட்ட இஷ்டமில்லன்னா வீட்டுக்குப் போ."

அவள் ஒரு தரம் வாசலைப் பார்த்தாள். பயம் இல்லாமல் இல்லை. இதோ வாசல், இதோ வேலை, நடுவில் நிற்பது அவள். மறைத்து மறைத்து வைத்ததைச் சொன்னால் போச்சு, சொல்லாவிட்டால் உடம்பு போச்சு. சட்டென்று அவளுக்கு ஒரு வெறுப்பு வந்தது. நான் ஏன் மறைக்க வேண்டும்? திருடினேனா?

"பிரச்சனையா? சொல்றேன் சார். என் சிறுநீரகம் பாதி போயிடுச்சு. அத வேற எங்கயும் தொலைக்கல, இந்த ரோலர் முன்னாடி நின்னு தண்ணி குடிக்காமத் தொலைச்சேன். மீதிய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும், அது எனக்கு வேணும். வேலையும் வேணும். சுவத்துல நீங்கதானே எழுதி வச்சீங்க? நீலம் ஆயிடுச்சு, உக்காரப் போறேன்."

கொழுந்தன் முகம் வெளுத்துப்போனது. "அண்ணி, என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான் மெல்ல. அவள் அவனைக் கடந்து நடந்தாள். அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, குடத்திலிருந்து மொண்டு ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொரு டம்ளர் மொண்டாள்.

நெட்டை வெறும் கையோடு நின்றாள். "எனக்கும் நீலம்தான்னு நினைக்கறேன்" என்றாள். ஊதாவாகத்தான் இருந்தது. ஆனாலும் மடிக்கிற பக்கமிருந்து, "ஆமா ஆமா, நீலம்" என்றார்கள். அவளும் போய் உட்கார்ந்தாள். ரோலர் வெறுமனே சுழன்றது. மேல் துணியிலிருந்து தீய்கிற வாசனை வர ஆரம்பித்தது.

"ரோலர்ல யாரையாவது நிறுத்துப்பா!" என்று கத்தினார் முதலாளி.

சூப்பர்வைசர் யாரையும் நிறுத்தவில்லை. சுவரோரம் போய் நீராவிக் குழாயின் வால்வைப் பிடித்துத் திருகி மூடி, மோட்டார் சுவிட்சையும் அணைத்தான். ரோலர் பெருமூச்சு விட்டு நின்றது. அந்தக் கூடத்தில் பகலில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஹோட்டல்காரர் கைக்குட்டையைப் பிழியாத குறையாகக் கையில் வைத்துக்கொண்டு, அறை வாசலில் போய் நின்று, உள்ளே இருந்த இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார், ஒப்பந்தம் என்னவாகும், யாருக்குத் தெரியும்? மல்லுக்கட்டு அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி அவரை இடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். ஹோட்டல்காரர் இருக்கிறாரே என்று குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா. சொல்லிட்ட, கேட்டுட்டேன். எவ்வளவு நேரம் இப்படி உக்காந்திருக்கப் போற?"

"எனக்கெப்படி சார் தெரியும்? என் கண்ணுக்குத் தெரியாதே" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தை நிமிர்த்தி அவரை நேராகப் பார்த்தாள். "என் மூஞ்சியப் பாத்து நீங்கதான் சொல்லணும்."

அவர் நெட்டையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், ஹோட்டல்காரரைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் அவள் வேலை செய்த இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் விரிப்பைத்தான். இப்போது வேறு வழியில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீலம்" என்றார்.

"அப்ப உக்காந்திருக்கேன்" என்றாள் அவள்.